தூரமானிக் கமராவும் மலையக முகங்களும்

ஒளிப்படம் என்பது ஒளியினால் எழுதப்பெறும் எழுத்தாகும். ஏட்டில் எழுதப் புகுவோன் எழுத்தாணியின் இயல்பை அறிந்திருத்தல் வேண்டுமாப்போல, ஒளியால் எழுதப் புகுவோனும் தன் கருவியின் இயல்பை அறிந்திருத்தல் வேண்டும். தூரமானிக் கமரா என்னும் பழைய பிலிம் கருவியின் அமைப்பையும், அதனைக் கையாளும் முறையையும், மலைநாட்டுத் தோட்டங்களிற் பிறந்து வளர்ந்த நமக்கு அதனாலாகும் பயனையும் மாணவர்க்கு விளங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். இந்த ஜூபிலி மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருட் சிலருடைய வீட்டு அலுமாரியிலே தந்தையாரோ மாமனாரோ வாங்கி வைத்த இத்தகைய கமரா ஒன்று இன்றும் தோலுறைக்குள் உறங்கிக் கிடத்தல் கூடும். அன்னோர் அதனை எடுத்துத் தூசி தட்டிப் பார்ப்பாராயின் எழுதியதன் பயன் கைகூடியதாகக் கருதுவேன்.

மலைநாட்டிலே ஒளிப்படம்

கருவியை விளக்குமுன் நம் நாட்டில் ஒளிப்படக்கலை நடந்த வழியைச் சிறிது நோக்குவோம். பொகவந்தலாவையிலுள்ள புனித மரியாள் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்திலே ஜூலியா மார்கரெட் கமரூன் என்னும் அம்மையார் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். உலக ஒளிப்பட வரலாற்றிலே முன்வரிசையில் வைத்து எண்ணப்படுபவர் இவர். கல்கத்தாவில் 1815ஆம் ஆண்டு பிறந்து, தமது 48ஆம் வயதிலே மகளும் மருமகனும் பரிசாக அளித்த கமராவைக் கொண்டு இக்கலையைத் தொடங்கினார். 1875இல் கணவருடன் இலங்கைக்கு வந்து, 1879இல் இம்மலைநாட்டிலேயே உயிர்நீத்தார். அவர் கணவராகிய சார்ல்ஸ் ஹே கமரூன், நம் வரலாற்று நூல்கள் கூறும் கோல்புறூக் - கமரூன் ஆணைக்குழுவினருள் ஒருவர்.

அம்மையார் கையாண்டது ஈரத்தட்டு முறை. கண்ணாடித் தட்டிலே மருந்தைப் பூசி, அஃது உலர்வதற்குமுன் படமெடுத்து, உடனேயே இருட்டறையிற் கழுவுதல் வேண்டும். கமராவோ பெரியதொரு மரப்பெட்டி, முக்காலியின்றி நில்லாது. படத்துக்கு அமர்ந்தவர் பல செக்கன்கள், சிலவேளை நிமிடக்கணக்கில், அசையாதிருத்தல் வேண்டும். இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் எஞ்சியவை மிகச் சிலவே. அவற்றுள் ஒன்றுக்குக் 'களுத்துறைக் குடியானவர் கூட்டம்' என்பது தலைப்பு. படம் எடுத்தவர் பெயரை உலகம் அறியும். படத்திலே நிற்பவர்க்கோ ஊர்ப்பெயர் மாத்திரமே எஞ்சியது.

இந்நிலை அப்படத்தோடு நின்றதன்று. 1867இல் லூல்கந்துரையிலே ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்ட பின்னர், கோப்பிக்காடுகள் தேயிலை மலைகளாயின. அம்மலைகளையும் அங்கு உழைத்தவரையும் ஸ்கோவன், ஸ்கீன் முதலிய நிலையத்தார் படமெடுத்தனர். தேயிலைப் பெட்டிகளிலும் விளம்பரத் தாள்களிலும் கொழுந்து கொய்யும் பெண்ணின் உருவம் கடல்கடந்து சென்றது. இலக்கணம் பயில்வோர் வினைமுதல் என்றும் செயப்படுபொருள் என்றும் வேறுபடுத்துவர். இப்படங்களிலெல்லாம் நம்மவர் செயப்படுபொருளாகவே நின்றனர், பெயரும் வாய்க்கவில்லை. பச்சை மலைச்சரிவிலே தொலைவிற் புள்ளி புள்ளியாகத் தோன்றும் உருவங்கள் 'அவர்' என்று சேய்மைச் சுட்டாற் சுட்டத்தக்கனவேயன்றி, 'இவர்' என்று அண்மைச் சுட்டாற் சுட்டத்தக்கன அல்ல. அண்மைக்கும் சேய்மைக்கும் உள்ள இவ்வேறுபாட்டை மாணவர் நினைவில் வைத்துக்கொள்க. நாம் ஆராயப் புகும் கருவியின் தொழிலே தூரத்தை அளத்தல் அன்றோ?

சிறு கமராவின் தோற்றம்

கமரூன் அம்மையார் மறைந்த அதே 1879ஆம் ஆண்டிலே ஜேர்மனியில் ஒஸ்கார் பார்னாக் என்பவர் பிறந்தார். வெற்ஸ்லார் நகரில் லைற்ஸ் நிறுவனத்திலே நுணுக்குக்காட்டி செய்யும் பகுதியிற் பணியாற்றிய இவர், மலைகளிலே நடந்து படமெடுப்பதில் விருப்பமுடையவர். ஆயினும் உடல்நலம் குன்றியமையாற் பாரமான தட்டுக் கமராவைச் சுமக்க இயலாதவர். சினிமாவுக்கெனச் செய்யப்பட்ட 35 மில்லிமீற்றர் அகலமுள்ள பிலிமைச் சிறு பெட்டிக்குள் அடக்கலாமே என்று அவர் எண்ணினார். சினிமாப் படத்தின் கட்டம் 18 மில்லிமீற்றருக்கு 24 மில்லிமீற்றர். அதனை இரட்டித்து 24க்கு 36 என்று வகுத்துக்கொண்டார். அக்கட்டளையே இன்றும் வழங்குகின்றது. 1925இல் லைப்சிக் சந்தையிலே இக்கமரா 'லைக்கா' என்னும் பெயருடன் விற்பனைக்கு வந்தது.

முதல் லைக்காவில் ஒரு குறையிருந்தது. படமெடுக்கப்படும் பொருள் எத்துணைத் தூரத்தில் உள்ளது என்பதைக் கண்ணால் மதித்து, வில்லையை அத்தூரத்துக்குத் திருப்புதல் வேண்டும். மதிப்புப் பிழைத்தால் முகம் மங்கிவிடும். தூரமானியைத் தனிக் கருவியாகக் கமராவின் மேற்செருகி அளப்பாரும் உளர். 1932இலே தூரமானியும் வில்லையும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்ட இரண்டாம் லைக்காவும், சைஸ் ஐக்கன் நிறுவனத்தாரின் கொன்ராக்ஸும் வெளிவந்தன. அளத்தலும் திருப்புதலும் ஒரே செயலாயின.

சோவியத்து நாட்டிலே கார்க்கிவ் நகரில் 1934 முதல் லைக்காவைப் பின்பற்றிய 'பெட்' என்னும் கமராவும், 1948 முதல் மொஸ்கோவுக்கு அண்மையிலுள்ள கிராஸ்னகோர்ஸ்க் நகரில் 'சோர்க்கி' என்பதும் செய்யப்பட்டன. யப்பானிலே 1936இல் கனனும், 1948இல் நிக்கோனும் இவ்வகையிலே தம் முதற் கமராக்களை வெளியிட்டன. 1954இல் வந்த லைக்கா எம்-3 இவ்வகைக்கு முடிமணி என்பர். 1966இல் யஷிக்கா நிறுவனம் வெளியிட்ட இலெக்ட்ரோ 35 நடுத்தரக் குடும்பத்தாரும் வாங்கும்படி அமைந்தது. 1959இல் நிக்கோன்-எப் வந்தபின் ஆடி பொருத்திய கமராக்கள் பெருகவே, தூரமானிக் கமராவின் செல்வாக்குக் குறைந்தது. ஆயினும் அது மறைந்தொழியவில்லை; லைக்கா நிறுவனம் 2022இலும் தன் பழைய எம்-6 பிலிம் கமராவை மீண்டும் வெளியிட்டது.

தூரத்தை அளக்கும் விதம்

கணித வகுப்பிலே முக்கோணியைப் பயின்ற மாணவர்க்கு இதன் தத்துவம் எளிது. கமராவின் முன்புறத்திலே சிறு சாளரங்கள் இரண்டு உள. ஒன்று நாம் நேரே நோக்கும் சாளரம். மற்றையது சிறிது விலகியிருப்பது. இரண்டாம் சாளரத்தின் வழி வரும் ஒளியை ஆடியோ அரியமோ திருப்பி, முதற் சாளரத்துக் காட்சியின் நடுவிலே விழச் செய்கின்றது. ஆகவே நோக்குவோன் கண்ணுக்கு நடுவிலுள்ள சிறு கட்டத்திலே ஒரே பொருள் இரண்டு விம்பங்களாகத் தோன்றும். வில்லையின் வளையத்தைத் திருப்புந்தோறும் ஒரு விம்பம் பக்கவாட்டில் நகரும். இரண்டும் பொருந்தி ஒன்றாகும் கணத்திலே வில்லை அப்பொருளின் தூரத்துக்குச் சரியாக நின்றது என்க.

இரண்டு சாளரங்களுக்கும் இடைப்பட்ட தூரம் முக்கோணியின் அடியாகும். படமெடுக்கப்படும் பொருள் உச்சியாகும். லைக்கா எம்-3இல் இவ்வடி ஏறக்குறைய 68 மில்லிமீற்றர். மூன்று மீற்றர் தூரத்திலே ஒருவர் நின்றால் உச்சிக்கோணம் 1.3 பாகை, முப்பது மீற்றரில் நின்றால் அதன் பத்திலொரு பங்கு. ஆதலின் அண்மையிலுள்ள பொருளின் தூரத்தை இக்கருவி மிக நுட்பமாகக் காட்டும். தூரம் மிக மிக நுட்பம் குறையும். அடி நீண்ட கமராவே அளவையிற் சிறந்தது என்பதும் இதனாற் பெறப்படும்.

குணமும் குற்றமும்

குணங்களை முதலிற் கூறுவோம். ஆடி பொருத்திய கமராவிலே படமெடுக்குங்கால் ஆடி மேலெழும். ஓசையும் அதிர்வும் உண்டாகும். அக்கணத்திற் காட்சியும் மறையும். தூரமானிக் கமராவில் ஆடி இல்லை. ஆதலின் ஓசை குறைவு. அதிர்வும் குறைவாதலின் செக்கனின் முப்பதிலொரு பங்கு வரையும் கையிலேந்தியே எடுத்தல் பலருக்குக் கைகூடும். மங்கிய வெளிச்சத்திலும் இரு விம்பங்களைப் பொருத்துதல் எளிது. பல கமராக்களிலே படக் கட்டத்துக்கு வெளியேயுள்ளதும் கண்ணுக்குத் தெரிதலால், உள்ளே வரப்போகின்றவரை முன்னரே காணலாம்.

குற்றங்களும் உள. நோக்கும் சாளரம் வேறு, படம் விழும் வில்லை வேறு. ஆதலின் வில்லையின் மூடியைக் கழற்ற மறந்தாலும் காட்சி தெளிவாகவே தோன்றும். மூடி கழற்றாது எடுத்த படமோ வெறுமையாகும். மிக அண்மையில் நோக்கும் கட்டமும் படத்தின் கட்டமும் சிறிது விலகுதலால் தலை வெட்டுப்படுதல் உண்டு. பழைய வில்லைகளுட் பெரும்பாலானவை ஒரு மீற்றருக்கு அண்மையில் வாரா; பூவின் மகரந்தத்தையோ எட்டத்துப் பறவையையோ எடுக்க இக்கருவி உதவாது. மனிதருக்கும் மனிதருக்கும் இடையே பேச்சு நிகழும் தூரமே இதற்கு உரிய தூரமாகும். மலையின் மறுபுறத்திலே நின்று ஒருவரை அவரறியாமல் எடுப்பது இதனால் ஆகாது. இதனைக் குற்றமென்பார் என்பர். யான் இதனைத் தலையாய குணமாகவே கொள்கின்றேன்.

கையாளும் முறை

முதலாவதாக, தூரமானி சரியாக உள்ளதா எனச் சோதித்தல் வேண்டும். மஸ்கெலியாப் பக்கத்தார்க்கு இதற்கு நல்லதோர் இலக்குண்டு. வானம் தெளிந்த காலையிலே வில்லையை முடிவிலித் தூரக் குறிக்குத் திருப்பிச் சிவனொளிபாத மலையின் சிகரத்தை நோக்குக. விளிம்புகள் ஒன்றாகப் பொருந்தினால் கருவி செம்மையுடையது. இரண்டாகத் தோன்றினால் திருத்துநரிடம் கொடுத்தல் நன்று.

இரண்டாவதாக, பிலிமை ஏற்றியபின் பிலிம் உண்மையாகவே நகர்கின்றதா என்று அறிதல் வேண்டும். அடுத்த கட்டத்துக்குச் சுற்றும்போது மறுபுறத்திலுள்ள திருப்பிச் சுற்றும் குமிழும் சேர்ந்து சுழலுமாயின் பிலிம் நகர்கின்றது. குமிழ் அசையாதாயின் மூடியைத் திறந்து மறுபடியும் பொருத்துக. இதனைக் கவனியாது திருமண வீட்டிலே முப்பத்தாறு படமும் எடுத்து, ஒன்றும் பெறாது நின்றவர் பலர்.

மூன்றாவதாக, விம்பங்களைப் பொருத்தும் முறை. விம்பங்கள் பக்கவாட்டிற் பிரிதலால், நிமிர்ந்து நிற்கும் கோட்டையே பொருத்தப் பயன்படுத்துதல் வேண்டும். கதவுநிலை, சட்டையின் விளிம்பு, சேலைக் கரையின் நேர்க்கோடு, மூக்கின் ஓரம் என்பன ஏற்றவை. கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியிலே கிடையாகச் செல்லும். அதனைப் பொருத்த வேண்டுமாயின் கமராவை நிமிர்த்திப் பிடித்தல் வேண்டும்.

நான்காவதாக, முன்னரே தூரத்தை வைத்துக்கொள்ளும் முறையையும் பழகுக. 50 மில்லிமீற்றர் வில்லையின் துவாரத்தை 8 என்னும் எண்ணிலும், தூரத்தை 5 மீற்றரிலும் வைத்தால் ஏறக்குறைய மூன்றரை மீற்றர் முதல் ஒன்பதரை மீற்றர் வரையுள்ள யாவும் தெளிவாக விழும். துவாரத்தை 2 என்னும் எண்ணுக்குத் திறந்து 3 மீற்றரில் நிற்பவரை எடுத்தாலோ, தெளிவின் ஆழம் ஒன்றரை அடிக்கும் குறைவு. அங்கே தூரமானியின் துணை இன்றியமையாதது.

ஐந்தாவதாக, ஒரு எச்சரிக்கை. சில சோவியத்துக் கமராக்களிலே பிலிமைச் சுற்றிய பின்னரே மூடுதிரையின் வேகத்தை மாற்றுதல் வேண்டும். முன்னர் மாற்றினால் உட்பொறி கெடும். துணித்திரையுள்ள கமராவை மூடியின்றி வெயிலை நோக்கி வைத்தலும் ஆகாது. வில்லை சூரியனைத் திரையிலே குவித்துத் துளையிட்டுவிடும்.

மலைநாட்டு ஒளியும் மலைநாட்டு ஈரமும்

வெயில் எறிக்கும்போது துவாரத்தை 16இல் வைத்து, பிலிமின் வேக எண்ணுக்கு அண்மையான மூடுதிரை வேகத்தைக் கொள்க என்பது பழைய விதி. 400 வேகப் பிலிமுக்குச் செக்கனின் ஐந்நூறிலொரு பங்கு. ஆயின் நுவரெலியாவிலும் அட்டனிலும் அவ்வெயில் நாள்தோறும் வாய்ப்பதன்று. முகில் மூடிய வேளையிற் துவாரத்தை 8க்கோ 5.6க்கோ திறத்தல் வேண்டும். காலைப் பெரட்டுக் களத்திலே பனிமூட்டம் சூழ்ந்திருக்கும். அதன் வெண்மை ஒளிமானியை ஏமாற்றும். மானி காட்டுவதைவிட ஒரு படி கூட்டி ஒளி கொடுத்தாலன்றி முகம் கறுத்துப்போம். லயன் அறையினுள்ளே வாயிலோரத்தில் ஒருவரை இருத்தி, 2.8 துவாரத்திலே முப்பதிலொரு பங்குச் செக்கனில் எடுக்கலாம். காமன் கூத்திரவிலே தீப்பந்த வெளிச்சத்தில் 2 என்னும் துவாரம் வேண்டும். பளிச்சிடும் விளக்கின்றி, கூத்தைக் குலைக்காது எடுத்தற்கு இக்கமராவே தக்கது.

மலைநாட்டு ஈரம் வில்லைக்குப் பகையாகும். கடல்மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலே தோலுறைக்குள் மூடிவைத்த கமராவில் பூஞ்சணம் சிலந்திவலைபோற் படரும். உறையினின்றும் நீக்கி, ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் இறுக மூடிய பெட்டியில் வைக்க; கிழமைக்கொருமுறை வெளியே எடுத்துத் திரையை இயக்குக. நெகற்றிவ் எனப்படும் எதிர்ப்படங்களையும் இவ்வாறே பேணுக. அச்சுப் படம் மங்கினாலும் எதிர்ப்படம் இருந்தாற் புதிதாக அச்சிடலாம். இன்று அவற்றைக் கணினியிற் பதிந்து வைத்தலும் எளிது.

எதனைப் படமெடுப்பது?

கையிலுள்ள தொலைபேசியே நூறு படம் எடுக்குங் காலத்தில் இப்பழைய கருவி எதற்கு என்று மாணவர் வினவுவர். நல்ல வினாவே. தொலைபேசி தூரத்தைத் தானே கண்டுகொள்ளும். எடுப்போனை ஒன்றும் கேளாது. இக்கருவியோ ஒவ்வொரு படத்துக்கும், 'உனக்கும் இவருக்கும் இடையே உள்ள தூரம் யாது?' என்று கேட்கின்றது. முப்பத்தாறு படமே உண்டாதலின், எடுக்குமுன் நின்று பேசவும் செய்கின்றோம்.

நம் மக்களின் வரலாற்றிலே இக்கேள்வி பெரிது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்ரோபர் 30ஆந் திகதி செய்த சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் வகுத்தது. மனிதர் தொகையாயினர். 'ஒப்பாரிக் கோச்சி' என்று மக்கள் பெயரிட்ட புகைவண்டியிலேறித் தலைமன்னார் வழியாகச் சென்றோர் பலர். அக்காலத்துக் குடும்பங்கள் பலவற்றில், பாட்டனுக்கும் பாட்டிக்கும் எஞ்சிய ஒரே படம் கடவுச்சீட்டுக்காக எடுத்த சிறு முகப்படமே. அது காரியாலயத்தின் தேவைக்கு எடுத்தது. அவர் சிரிப்பையோ, நின்ற முற்றத்தையோ, கையிலிருந்த கவ்வாத்துக் கத்தியையோ அது காட்டாது. நாடற்ற நிலைக்குத் தீர்வாக 2003ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வந்தது. 2023இலே மலையகத் தமிழர் வருகையின் இருநூறாம் ஆண்டு நினைவுகூரப்பட்டது. எனினும் அவ்விருநூறு ஆண்டின் முகங்களை நாமே நமக்காக எடுத்த படங்களிற் காண விரும்புவோர்க்குக் கிடைப்பவை குறைவே.

நம் நாட்டிலே இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. கொழும்பிலே 1900இற் பிறந்து 1944இல் மறைந்த லயனல் வென்ற், லைக்காவும் பிறிதும் கையாண்டு இலங்கை மக்களைப் படமெடுத்தார். அவர் படங்கள் 'லயனல் வென்றின் இலங்கை' என 1950இல் நூலாக வந்தன. நாட்டவர் ஒருவரே நாட்டவரை நோக்கிய நோக்கு அது. மலைநாட்டுக்கும் அத்தகைய நோக்கு வேண்டும்.

ஆகவே மாணவர் முன் ஒரு வேலைத்திட்டத்தை வைக்கின்றேன். ஒவ்வொருவரும் ஒரு பிலிம் எடுக்குக. வீட்டிலே பாட்டியார், கொழுந்து நிறுக்கும் மடுவத்திலே தாயார், தப்படிக்கும் பெரியவர், பிள்ளைக் காம்பராவிலே குழந்தைகளைப் பார்க்கும் அம்மா, முப்பது ஆண்டு கவ்வாத்து வெட்டிய சித்தப்பா, இடிக்குமுன் பழைய லயன் வரிசை என்று வகுத்துக்கொள்க. தொழிற்சாலைக்குள் எடுக்கத் தோட்ட நிருவாகத்தின் அனுமதியைப் பெறுக. எடுக்கப்படுபவரின் இசைவை முதலிற் கேட்க. மறுத்தாராயின் வணங்கி விலகுக. படத்தின் ஒரு பிரதியை அவர் கையிற் கொடுக்க. பின்புறத்திலே பென்சிலால் அவர் பெயர், தொழில், தோட்டம், பிரிவு, திகதி ஆகிய ஐந்தையும் எழுதுக. பெயரெழுதாத படம் பாதிப் படமே.

இப்படங்களுக்கும் எதிர்ப்படங்களுக்கும் கல்லூரி நூலகத்திலே ஈரம் புகாத அலுமாரி ஒன்றைப் பழைய மாணவர் சங்கத்தார் அமைத்துத் தருவாராயின் அஃது இந்த ஜூபிலியின் நிலைத்த நினைவாகும். தம் வீட்டுப் பழைய கமராக்களை மாணவர்க்கு வழங்குவாராயின் அவை மீண்டும் தொழில் செய்யும். கருவி தூரத்தை அளந்து காட்டும். அத்தூரத்தைக் குறைக்க அடியெடுத்து வைக்க வேண்டியவர் நாமே.